ஆள் மாறினாலும் நிற்கும் இணையதளம்: மதுரை அரசு அலுவலகங்களுக்கு எந்த வழி?

அலுவலக இணையதளத்தைப் புதுப்பிக்கும் கோப்பு மேசைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "எந்த மென்பொருள்?" என்றுதான். அதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு "முகாம் தேதி மாறிவிட்டது" என்று தகவல் வந்தால், அந்தப் பக்கத்தைத் திருத்தப்போவது யார்? பிரிவு உதவியாளரா, வெளியூரில் இருக்கும் ஒப்பந்த நிறுவனமா? அந்த உதவியாளருக்குப் பணி மாறுதல் வந்த மறுநாள் யார்? இதற்குப் பெயர் சொல்லி விடை எழுதாமல் எந்தத் தளத்தை வாங்கினாலும், ஆறு மாதத்தில் அதில் போன வருட அறிவிப்புகள்தான் இருக்கும்.

மதுரை மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி நகராட்சிகள், 11 வட்டங்கள், 13 ஊராட்சி ஒன்றியங்கள், அவற்றோடு ஒவ்வொரு துறைக்கும் மாவட்ட அலுவலகம் என்று இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் ஒரே விடை பொருந்தாது. நடைமுறையில் ஐந்து வழிகள் உண்டு: தனித்தளம் வைத்துக்கொள்ளாமல் மாவட்டத் தளத்திலோ துறைத் தளத்திலோ பக்கம் வாங்கிக்கொள்வது, என்ஐசி என்ற மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் தரும் எஸ்3வாஸ் மேடை, ஒப்பந்தக்காரர் மூலம் நிறுவும் வேர்ட்பிரஸ், அதைப் போன்ற இன்னொரு தள மென்பொருளான ட்ரூபல், ஹியூகோ போன்ற கருவியால் முன்பே தயாரித்து வைக்கும் நிலையான பக்கத் தளம்.

தனித்தளம் தேவையா?

வட்டாட்சியர் அலுவலகம், ஒன்றிய அலுவலகம், துறையின் சிறிய மாவட்டப் பிரிவு ஆகியவற்றுக்கு எங்கள் விடை: வேண்டாம். உங்களிடம் மக்கள் தேடுவது நான்கைந்து விஷயம்தான். முகவரி, தொலைபேசி, எந்தச் சான்றுக்கு என்ன ஆவணம், முகாம் தேதி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு கேட்கும் 17 வகைத் தகவல். இவற்றுக்கு மாவட்டத் தளத்தில் மூன்று பக்கம் போதும். தனித்தளம் என்றால் தனி டொமைன் (இணைய முகவரிப் பெயர்), தனிப் பாதுகாப்புத் தணிக்கை, தனிப் பராமரிப்பு ஒப்பந்தம், தனிக் கடவுச்சொல் என்று நான்கு சுமை கூடும்.

இந்த வழியின் குறை வேகம். மாவட்டத் தளத்தைப் பார்க்கும் குழுவுக்கு உங்கள் கடிதம் போய், அவர்கள் ஏற்றும் வரை காத்திருக்க வேண்டும். அதைக் குறைக்க, திருத்தக் கோரிக்கைக்கு ஒரே படிவம் வைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்தின் முகவரி, இப்போது இருக்கும் வரி, இருக்க வேண்டிய வரி, எந்த நாள் வரை, ஒப்புதல் கொடுத்தவர் பதவி. "இணைப்பில் உள்ளபடி திருத்தவும்" என்று நாலு பக்க ஸ்கேனை அனுப்பினால் அது எப்போதும் கடைசியில்தான் போகும்.

எஸ்3வாஸ்

மாவட்டத் தளங்கள் ஓடும் மேடை இது. என்ஐசி உருவாக்கி, தன் சொந்தக் கட்டமைப்பிலேயே நடத்துகிறது. வார்ப்புரு தயாராக இருக்கும். தமிழும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று இணைந்த பக்கங்களாக வரும். மேடையின் மென்பொருளைப் புதுப்பிப்பதும் பாதுகாப்பு ஓட்டையை அடைப்பதும் அவர்கள் பொறுப்பு. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-இல் வந்து, 2023-இல் மூன்றாம் பதிப்பாகியுள்ளன. அதில் கேட்கும் அணுகல் வசதிகளில் பெரும்பகுதி வார்ப்புருவிலேயே கட்டப்பட்டிருக்கும்.

இதன் பெரிய பலம், அறிவிப்புக்குத் தொடக்க தேதியும் முடிவு தேதியும் கேட்பது. முடிவு தேதி கடந்தால் அறிவிப்பு தானாகக் காப்பகத்துக்குப் போய்விடும். கேட்க அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அரசுத் தளங்கள் கெடுவதற்கு முதல் காரணம் பழைய அறிவிப்பை யாரும் எடுக்காததுதான். முகப்பில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஆள்சேர்ப்பு அறிவிப்பைக் கண்டு, விண்ணப்பத்தோடு அலுவலகப் படியேறி வருபவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் செலவழித்த பேருந்துக் கட்டணம் நம் கவனக்குறைவின் விலை.

வளைந்து கொடுக்காதது இதன் குறை. சொந்தப் பிளகின் (கூடுதல் வசதிக்கான துணை நிரல்) போட முடியாது. வார்ப்புருவுக்கு வெளியே பக்க அமைப்பை மாற்ற முடியாது. வார்டு வாரியாகக் குடிநீர் விநியோக நேரத்தைத் தேடிப் பார்க்கும் வசதி வேண்டும் என்றால், அதைத் தனிச் செயலியாகச் செய்து இங்கிருந்து இணைப்புதான் தரவேண்டியிருக்கும். பெரும்பாலான அலுவலகங்களுக்கு இது குறையே இல்லை.

வேர்ட்பிரஸ்: எங்கே உடைகிறது

சொந்த நிறுவலுக்கு அதிகம் பேர் எடுக்கும் வழி இது. கற்றுக்கொள்ள எளிது, செய்து தர ஆள் மதுரையிலேயே கிடைப்பார்கள், வடிவமைப்பில் முழுச் சுதந்திரம் உண்டு. ஆனால் அரசு அலுவலகத்தின் வேலை முறைக்கும் இதன் இயல்பான அமைப்புக்கும் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. வாங்கும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, ஒப்புதல். வேர்ட்பிரஸில் 'பங்களிப்பாளர்' என்ற நிலை இருக்கிறது. எழுதலாம், வெளியிட முடியாது. இளநிலை உதவியாளருக்குச் சரியான நிலை இதுதான் என்று தோன்றும். ஆனால் பங்களிப்பாளரால் கோப்பு ஏற்ற முடியாது. அரசு அறிவிப்பு என்றாலே ஒரு பிடிஎஃப் இருக்கும். ஆகவே முதல் வாரத்திலேயே "ஏத்த முடியல சார்" என்று புகார் வரும். ஒப்பந்தக்காரர் எல்லோரையும் 'ஆசிரியர்' நிலைக்கு உயர்த்திவிடுவார். அன்றோடு ஒப்புதல் முறை செத்தது. கோப்பு ஏற்றும் உரிமை மட்டும் கூடுதலாகக் கொண்ட தனி நிலை ஒன்றை ஆரம்பத்திலேயே உருவாக்கித் தரச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது, காலாவதி தேதி. வேர்ட்பிரஸின் மையத்தில் அது கிடையாது. பிளகினோ, தனி நிரலோ வேண்டும்.

மூன்றாவது, நேரம் குறித்து வெளியிடுவது. யாராவது தளத்துக்கு வந்தால்தான் வேர்ட்பிரஸின் உள் கடிகாரம் விழித்துக்கொள்ளும். வருகை குறைந்த தளத்தில் காலை 10 மணிக்குக் குறித்த அறிவிப்பு 11 மணிக்கும் வராமல் போகலாம். சர்வரில் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் மூலம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதை எழுப்ப வேண்டும். நேர மண்டலத்தையும் பாருங்கள். அது யூடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருந்தால், 10 மணி அறிவிப்பு பிற்பகல் 3.30-க்குத்தான் வெளிவரும். ஏலத்துக்கும் ஒப்பந்தப்புள்ளிக்கும் இந்த ஐந்தரை மணி நேரம் வழக்குக்கே காரணமாகலாம்.

நான்காவதுதான் மிகவும் ஏமாற்றுவது. 'படிவம்.பிடிஎஃப்' என்ற கோப்பில் பிழை கண்டு, திருத்தியதை அதே பெயரில் மறுபடி ஏற்றினால், வேர்ட்பிரஸ் பழையதை நீக்காது. புதியதற்குப் பெயரின் கடைசியில் '-1' சேர்த்து வைத்துக்கொள்ளும். பழைய இணைப்பு பழைய படிவத்தையே காட்டும். வாட்ஸாப்பில் பரவியது அந்தப் பழைய இணைப்பு என்றால், பிழையான படிவம் மாதக்கணக்கில் ஊர் சுற்றும். கோப்பை அதே முகவரியில் மாற்றித் தரும் வசதி வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுவதை விதியாக்குங்கள்.

இனி பாதுகாப்பு. வேர்ட்பிரஸ் மையத்தைவிட, கைவிடப்பட்ட பிளகின்களும் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம்களும்தான் பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுகின்றன. அரசு டொமைனுக்குத் தேடுபொறியில் மதிப்பு அதிகம் என்பதால், உள்ளே நுழைபவர்கள் பெரும்பாலும் முகப்பைக் கெடுக்க மாட்டார்கள். சூதாட்ட விளம்பரப் பக்கங்களை உள்ளே ஒளித்துவைப்பார்கள். அலுவலகத்தில் இருப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மாதம் ஒருமுறை உங்கள் தளத்துக்குள் மட்டும் தேடும்படி கூகிளில் அமைத்து, சூதாட்டச் சொற்களைப் போட்டுப் பாருங்கள். தெரியாத பக்கம் ஒன்று வந்தாலும், நீக்குவதற்கு முன், யார் எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும் சர்வர் பதிவேடுகளைப் பத்திரப்படுத்துங்கள். இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும்.

ட்ரூபலும் ஹியூகோவும்

ட்ரூபலில் பன்மொழியும் படிநிலை ஒப்புதலும் மையத்திலேயே இருக்கின்றன. அமைப்பாகப் பார்த்தால் அரசு வேலைக்கு இதுவே பொருத்தம். ஆனால் தெரிந்த ஆள் கிடைப்பது அரிது. ட்ரூபல் 7-க்கான ஆதரவு 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதிலிருந்து மேலே போவதற்கு வெறும் புதுப்பிப்பு போதாது. தளத்தையே மறுபடி கட்ட வேண்டும். இன்னும் 7-இல் இருப்பவர்கள் அந்தக் கட்டும் செலவை எஸ்3வாஸுக்கு மாறும் உழைப்போடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

ஹியூகோவில் தரவுத்தளம் இல்லை, உள்நுழைவுப் பக்கம் இல்லை. உடைக்க வேண்டிய பூட்டே இல்லை. பக்கங்கள் முன்பே தயாரித்து வைக்கப்படுவதால் எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்கும். ஆனால் திருத்த வேண்டுமானால் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிவுசெய்யும் நிரலாளர் கருவி) தெரிந்திருக்க வேண்டும். பிரிவு உதவியாளரிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. காலாவதி தேதி வசதி இருந்தும், தளத்தை மறுபடி தயாரிக்கும்போதுதான் அது வேலைசெய்யும். தினமும் நள்ளிரவில் தானாகத் தயாரிக்க ஏற்பாடு செய்யாவிட்டால் பயனில்லை. முழுத் தளத்துக்கு இதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. ஒரு வேலைக்கு மட்டும் இது ஈடில்லாதது. அதைக் கீழே சொல்கிறோம்.

கூட்டம் அலைமோதும் நாட்கள்

மதுரையில் இணையதளத்துக்கும் திருவிழாக் கூட்டம் உண்டு. தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். இவற்றுக்கான காளைகளும் வீரர்களும் மாவட்டத் தளம் வழியாக முன்பதிவாகும் ஜனவரி நாட்களில், குறித்த நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே பக்கத்தைத் திறப்பார்கள். சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் போக்குவரத்து மாற்றம், வைகையில் தண்ணீர் திறப்பு அறிவிப்பு என்று இன்னொரு அலை வரும்.

கேஷ் (தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைக்கும் வசதி) இல்லாத வேர்ட்பிரஸில் ஒவ்வொரு வருகைக்கும் பிஎச்பி நிரல் ஓடி, தரவுத்தளத்தைக் கேட்டு, பக்கத்தைப் புதிதாகச் சமைக்கும். முகப்பில் பெரிய ஸ்லைடர் படங்கள் நாலைந்து இருந்தால் ஒரு வருகைக்கே பல எம்பி போகும். அந்த நாட்களுக்காகப் பெரிய சர்வர் வாங்குவதை விட, தகவலையும் விண்ணப்பத்தையும் பிரித்துவிடுவது மேல். தேதி, விதிமுறை, தேவையான ஆவணங்கள், வரைபடம் ஆகியவை ஒரே ஒரு நிலையான பக்கத்தில், படம் குறைத்து, 100 கேபிக்குள் இருக்கட்டும். ஹியூகோ ஈடில்லாதது என்று சொன்னது இதற்குத்தான். விண்ணப்பம் தனிச் சர்வரில் ஓடட்டும். விண்ணப்பம் திணறினாலும் தகவல் பக்கம் நிற்கும். மக்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

யார் எழுதுவது, யார் வெளியிடுவது

மென்பொருளை விட இதுதான் தளத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இங்கே இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன.

எல்லாவற்றையும் ஒரே கணினிப் பிரிவு ஏற்றுவது ஒரு வழி. நடை ஒரே சீராக இருக்கும். கடவுச்சொல் இருவரிடம் மட்டும் இருக்கும். ஆனால் அந்த இருவருக்கும் உள்ளடக்கம் சரியா என்று தெரியாது. கட்டண விகிதம் மாறியதை அவர்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு பிரிவும் தானே ஏற்றுவது மற்ற வழி. தகவல் உடனுக்குடன் வரும். ஆனால் எட்டுப் பிரிவு எட்டு விதமாக எழுதும், கடவுச்சொல் மானிட்டரின் ஓரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

நாங்கள் சொல்வது: எழுதுவது பிரிவு, சரிபார்ப்பது பிரிவுக் கண்காணிப்பாளர், வெளியிடுவது ஒரே இடம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பொறுப்பான பிரிவின் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். 'கடைசியாகத் திருத்திய தேதி' வேறு, 'சரிபார்த்த தேதி' வேறு. மாற்றம் எதுவும் இல்லாத பக்கத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரிவு பார்த்து, "சரியாக உள்ளது" என்று தேதி போட வேண்டும். கட்டணம், தொலைபேசி எண், அலுவலர் பெயர் உள்ள பக்கங்களுக்கு மாதம் ஒருமுறை. கணக்கு பதவிப் பெயரில் அரசு மின்னஞ்சலோடு இருக்கட்டும். பணி மாறுதலாகிப் போகும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் பீரோ சாவியோடு இணையதளக் கணக்கும் ஒரு வரியாக இடம்பெறட்டும். அன்றே கடவுச்சொல் மாறட்டும்.

பயனாளிப் பட்டியல் ஏற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும். ஆதார் எண்ணைப் பொதுவெளியில் இடுவதை ஆதார் சட்டம் தடுக்கிறது. பிடிஎஃப்பில் எண்ணின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் மறைந்துவிட்டதாக நினைக்கக்கூடாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் எண் அப்படியே வரும். எக்செலில் மறைத்த பத்தியும் அப்படித்தான், கோப்போடு சேர்ந்தே போகும். மூலக் கோப்பில் அந்தப் பத்தியை நீக்கிவிட்டு, பிறகு பிடிஎஃப் ஆக்குங்கள்.

தமிழ் எழுத்துரு: எந்த மேடையிலும் வரும் சிக்கல்

தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியீட்டுத் தரங்களாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் யூனிகோடு அல்லாத வானவில், பாமினி எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதுகூடப் பரவாயில்லை, உடனே கண்ணில் பட்டுவிடும். அதே கோப்பைப் பிடிஎஃப் ஆக்கினால் பார்வைக்குத் தமிழாகவே இருக்கும், உள்ளே தமிழ் இருக்காது. தேடினால் கிடைக்காது, பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அர்த்தமில்லாத ஓசைகளை வாசிக்கும். சோதனை எளிது: பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். தமிழ் வந்தால் ஏற்றலாம். வராவிட்டால் மூலக் கோப்பை எழுத்துரு மாற்றும் மென்பொருள் கொண்டு யூனிகோடாக்கி, எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை கண்ணால் சரிபார்த்து ஏற்றுங்கள்.

ஸ்கேன் செய்து போடுவதற்கும் இதே குறை உண்டு. ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508 புள்ளிகள் கொண்ட படம். வண்ணத்தில் இருபது பக்கம் என்றால் கோப்பு பெருத்துவிடும். கையொப்பமிட்ட ஆணை வேண்டும் என்றால் கறுப்பு வெள்ளையில் 200 டிபிஐ போதும். அதோடு ஆணையின் சாரத்தைப் பக்கத்திலேயே நாலு வரி தட்டச்சு செய்து வையுங்கள். கைபேசியில் பார்ப்பவர் பிடிஎஃப்பைத் திறக்காமலே விஷயத்தைத் தெரிந்துகொள்வார்.

பக்க முகவரியில் தமிழ் வைக்கும் ஆசையும் சிக்கலில் முடியும். யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, புள்ளி, துணைக்குறி தனித்தனியே) மூன்று பைட். முகவரியில் அது ஒன்பது எழுத்தாக விரியும். 'மதுரை' என்பதே 45 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரிப் பகுதியை 200 எழுத்தோடு நறுக்கிவிடும். 'ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு' என்ற இரண்டு சொல்லுக்கே 217 வேண்டும். ஆகவே அந்தத் தலைப்பில் தொடங்கும் அறிவிப்பெல்லாம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, கடைசியில் 2, 3, 4 என்ற எண்ணோடு நிற்கும். முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில், ஆண்டும் பிரிவும் தெரியும்படி கையால் இடுங்கள். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

கோயில் பெயர்கள் வரும் நம் ஊரில் இன்னொரு நுணுக்கம்: 'ஸ்ரீ' எழுத்துக்கு யூனிகோடில் இரண்டு குறியீட்டு வரிசைகள் உண்டு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் தேடினால் தளத்தின் தேடல் பெட்டி கைவிரித்துவிடும். அலுவலகத்துக்கு ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேர்வு

வட்டம், ஒன்றியம், சிறு பிரிவுகளுக்கு மாவட்டத் தளத்தில் பக்கம். தொழில்நுட்ப ஆள் இல்லாத உள்ளாட்சிக்கும் துறை அலுவலகத்துக்கும் எஸ்3வாஸ், அல்லது தங்கள் இயக்குநரகம் ஏற்கெனவே தரும் பொது மேடை. 2023-இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் போல நிகழ்ச்சிகளும் பலவகை வாசகர் சேவைகளும் நிறைந்த நிறுவனங்களுக்கே சொந்த வேர்ட்பிரஸ் பொருந்தும். அதுவும் பராமரிப்பு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான்.

அந்த ஒப்பந்தத்தில் முதல் ஆண்டு விலையை மட்டும் பார்க்காமல் ஐந்தாண்டுக் கணக்கைப் போடுங்கள்: ஹோஸ்டிங் (தளம் ஓடும் சர்வர் இடம்), பராமரிப்பு, பாதுகாப்புத் தணிக்கை, மொழிபெயர்ப்பு. டொமைன் பதிவு அலுவலகத்தின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். மாதந்தோறும் தரவுத்தளம், கோப்புறை, தீம் நிரல் மூன்றின் நகலும் அலுவலகத்துக்கு வரவேண்டும். வருடம் ஒருமுறை அந்த நகலிலிருந்து தளத்தை வேறொரு கணினியில் எழுப்பிக் காட்ட வேண்டும். எழுப்பிப் பார்க்காத நகலை நம்பக்கூடாது.

எந்த மேடைக்கு மாறினாலும், மாறும் நாளுக்கு முன் பழைய தளத்தின் எல்லா முகவரிகளையும் ஒரு எக்செலில் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே புதிய முகவரியை எழுதுங்கள். அந்தப் பட்டியலைக் கொண்டு, பழைய முகவரியைத் திறந்தால் தானாகப் புதியதற்குக் கொண்டுபோகும் நிரந்தரத் திருப்பிவிடல் போடச் சொல்லுங்கள். மாறிய பின் மூன்று மாதம், வாரம் ஒருமுறை 'பக்கம் இல்லை' என்று பதிவான முகவரிகளைக் கேட்டு வாங்குங்கள். இ-சேவை மையங்களும் ஜெராக்ஸ் கடைகளும் படிவத்தின் பழைய பிடிஎஃப் இணைப்பைச் சேமித்து வைத்திருப்பார்கள். பட்டியலில் முதலில் தேட வேண்டியது அவற்றைத்தான்.